உறங்காத கால்களும் மாற்றிய மருந்தும்

(தசலட்சணப் பருவத்தில் உத்தம ஆர்ஜவ நாளன்று தஞ்சையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தசலட்சணப் பருவத்தின் மூன்றாம் நாளாகிய இன்று உத்தம ஆர்ஜவத்தைச் சிந்திக்கிறோம். மனமும் சொல்லும் செயலும் கோணாமல் ஒரே வழியில் நிற்பது ஆர்ஜவம். இதனை நூல்வழி விளக்கும் தகுதி படைத்தோர் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியன். ‘உடல்நலமும் விரதமும்’ என்று தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நேர்மையின் நாளில் ஊருக்கு உபதேசம் செய்வதைவிட, நான் பல்லாண்டுகளாக மறைத்து வைத்திருந்த ஒன்றை வெளிப்படையாகச் சொல்வதே முறை என்று எண்ணி வந்திருக்கிறேன்.

கரந்தை ஆதீசுவரர் ஆலயத்தில் மாலை வேளைகளில் சொற்பொழிவு நடக்கும்போது நான் உட்காராமல் பின்னால் ஒரு தூணருகே நின்றுகொண்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். “ஆசிரியர் ஐயாவுக்கு எத்தனை பணிவு!” என்று சிலர் பாராட்டியதும் உண்டு. அது பணிவன்று. என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்த கால் மணி நேரத்தில் இரண்டு கெண்டைக்கால்களின் உள்ளேயும் எறும்புகள் ஊர்வது போல, நரம்பை யாரோ உள்ளிருந்து சுண்டி இழுப்பது போல ஒரு குடைச்சல் தொடங்கும். எழுந்து நான்கடி நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மீண்டும் வரும். சாமாயிகத்துக்கு அமர்ந்தால் மனம் ஒருமைப்படுவதற்கு முன்பே கால் எழுந்துகொள்ளும். படுக்கையிலோ சொல்லவே வேண்டாம். நள்ளிரவில் வீட்டு முற்றத்தில் நான் சுற்றிய சுற்றுகளை எண்ணியிருந்தால் பல தலங்களுக்கு நடந்து சென்ற கணக்கு வந்திருக்கும்.

இந்த நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். ஓய்வில்லாக் கால் நோய் என்று நாம் சொல்லலாம். நம் வீடுகளில் இதற்கு எப்போதும் இருந்த பெயர் ‘கால் குடைச்சல்’ என்பதே. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, இரவில் என் தாயார் என்னையும் என் தங்கையையும் அழைத்து, “காலைக் கொஞ்சம் மிதியுங்கள் கண்ணுகளா” என்பார். நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கால்மேல் ஏறி நின்று மிதிப்போம். எங்களுக்கு அது விளையாட்டு. நாங்கள் உறங்கிய பின் அவர் பழைய சேலைத் துணியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொள்வார். நடவு வயலில் சேற்றில் நின்றதனால் வந்த வாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வயலில் இறங்காத மாதங்களிலும் அந்தத் துணி கட்டப்பட்டுத்தான் இருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த நோய் குடும்ப வழியில் வருவது மிகுதி என்பதை நான் முதுமையில்தான் அறிந்தேன்.

இது புதிய நோயும் அன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை எழுதி வைத்தார். 1945இல் சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் இதனை முழுமையாக ஆராய்ந்து இப்போதைய பெயரைக் கொடுத்தார். இதனை உறுதி செய்ய ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லை. கேட்டறிய வேண்டிய செய்திகள் நான்கு: காலை அசைத்தே தீரவேண்டும் என்னும் உந்துதல் உண்டா? அது ஓய்வாக இருக்கும்போது வருகிறதா? நடந்தால், நீட்டி மடக்கினால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் மிகுகிறதா? நான்கிற்கும் ஆம் என்று விடை வந்து, தசைப்பிடிப்பு போன்ற வேறு காரணங்களும் இல்லையென்றால், பெரும்பாலும் இந்த நோயே. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. கருவுற்ற காலத்தில் சிலருக்குப் புதிதாகத் தோன்றிப் பேறுகாலத்துக்குப் பின் மறையும். சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொள்வோரிடமும் மிகுதியாகக் காணப்படும்.

எனக்கு அறுபத்திரண்டாம் வயதில் ஒரு மருத்துவர் இதனைச் சரியாகக் கண்டுபிடித்தார். பிரமிபெக்ஸோல் என்னும் மாத்திரையை 0.125 மி.கி. அளவில் எழுதிக் கொடுத்தார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்து இது. மூளையில் டோபமின் என்னும் பொருள் செய்யும் வேலையைத் தானும் செய்வது. ரோபினிரோல் என்பதும் இதே இனம். லெவோடோபா இவற்றுக்கு மூத்தது. 1982இல் அக்பினார் என்னும் துருக்கி மருத்துவர் இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பயன் கண்டார்.

மாத்திரை உண்ட முதல் இரவே நான் உறங்கினேன். இருபது ஆண்டுகளுக்குப் பின் முழு இரவு உறக்கம். காலையில் எழுந்தபோது கண்ணீர் வந்தது. இப்படியொரு மருந்து என் தாயாருக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன்.

ஏறத்தாழ இரண்டாண்டுகள் நன்றாகச் சென்றன. பின்பு இரவு ஒன்பது மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஏழுக்கே வந்தது. மருத்துவரிடம் சொன்னேன்; அளவு 0.25 ஆயிற்று. உடனே குணம் தெரிந்தது. அடுத்த ஆண்டு மாலை ஐந்துக்கு வந்தது, அளவு 0.5 ஆயிற்று. பிறகு மதிய உணவுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்தாலே வந்தது. பகலுக்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது. கடைசியில் நாளொன்றுக்கு 1 மி.கி. உண்டுகொண்டிருந்தேன். காலில் மட்டும் இருந்த குடைச்சல் கைகளுக்கும் ஏறியிருந்தது. நோய் முற்றுகிறது, வயதாகிறது என்று நானும் வீட்டாரும் எண்ணினோம். அளவைக் கூட்டிய மருத்துவர்மேல் எனக்குக் குறையில்லை. கூட்டியபோதெல்லாம் குணம் தெரிந்தது. கூட்டுங்கள் என்று கேட்டவனும் நானே.

நோய் முற்றவில்லை என்பதும், மருந்தே நோயை வளர்த்தது என்பதும் பின்னர்தான் தெரிந்தன. இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். மருந்தால் நோய் பெருகுதல் என்று பொருள் கொள்ளலாம். 1996இல் அமெரிக்காவில் ஆலன், எர்லி என்னும் இரு மருத்துவர்கள் லெவோடோபா உண்டவர்களிடம் இதனை விரிவாக எடுத்துக்காட்டினர். பின்பு பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் உண்டவர்களிடமும் இது மெதுவாகத் தோன்றுவது தெரிந்தது. இதன் அடையாளங்கள் நான்கு: முன்பைவிட முன்னதாகவே நாளில் தொல்லை தொடங்குதல், உட்கார்ந்த சற்று நேரத்திலேயே வருதல், கை முதலிய பிற உறுப்புகளுக்குப் பரவுதல், மருந்தின் பயன் நிற்கும் நேரம் சுருங்குதல். அளவைக் கூட்டினால் சில மாதங்கள் அடங்கி, பின்பு முன்னிலும் கடுமையாக எழும். எரியும் தீயை நெய் ஊற்றி அணைக்க முயன்றது போல நான் ஐந்தாண்டுகள் நடந்துகொண்டேன்.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். சப்த வியசனங்களுள் முதலாவது சூது. அதன் நிழல்கூடப் படாமல் அறுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் உறக்கம் வராத ஓர் இரவில் கைப்பேசியில் ரம்மி விளையாடத் தொடங்கினேன். முதலில் பத்து ரூபாய், இருபது ரூபாய். ஓராண்டுக்குள் என் ஓய்வூதியத்தில் பாதி அதில் சென்றது. விடியும் வரை ஆடுவேன். காலையில் நீராடி ஆலயம் சென்று அருகன்முன் நிற்கும்போது என்னையே எனக்குப் பிடிக்காது. இனி இல்லை என்று மனத்துக்குள் உறுதி எடுப்பேன். அன்றிரவு மீண்டும் விரல் அங்கே போகும். என் ஒழுக்கம் கெட்டுவிட்டது, செய்த வினை பற்றிக்கொண்டது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. இது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்று எனக்குத் தெரியாது. டோபமின் வழி இயங்கும் இம்மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைத் தருகின்றன. சிலருக்கு அது சூதாக வரும். சிலருக்குத் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிப்பதாக, அளவின்றி உண்பதாக, காம வேட்கையாக வரும். இந்த அவையில் யாருடைய வீட்டிலாவது இம்மருந்து உண்ணும் பெரியவரின் போக்கில் திடீரென்று இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால், அவரைப் பழிப்பதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

அந்த வெட்கத்திலிருந்து விடுபட நான் தேர்ந்த வழி, அதைவிடப் பெரிய பிழையாக முடிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் இதே தசலட்சணத்தின் இறுதி மூன்று நாள்களும் நீரும் அருந்தாமல் உபவாசம் இருப்பதென்று உறுதி கொண்டேன். மாத்திரையும் உணவுதானே என்று அதையும் விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. முதல் இரவு முழுதும் நடந்தேன். இரண்டாம் இரவு வியர்வை, படபடப்பு, காரணமில்லாத அச்சம். உயிர் வாழ்வதில் பொருளில்லை என்னும் எண்ணம். அதையெல்லாம் தவத்தின் சோதனை என்றே நினைத்தேன். பாரணை நாள் காலையில் தலை சுற்றிச் சமையலறை வாயிலில் விழுந்தேன். நெற்றியில் நான்கு தையல். இந்த மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் இத்தகைய விலகல் துன்பம் வரும் என்பது 2010லேயே மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டுவிட்டது.

தையல் போட்ட அன்று என் மருமகள் என் கைப்பேசியில் வந்த வங்கிச் செய்திகளைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. “மாமா, உங்கள் மாத்திரையைப் பற்றி இன்னொரு மருத்துவரிடம் கேட்போம்” என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே தஞ்சையில் ஒரு நரம்பியல் மருத்துவ அம்மையாரிடம் அழைத்துச் சென்றாள்.

அந்த அம்மையார் என் காலைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். மருந்து தொடங்கியபோது தொல்லை எத்தனை மணிக்கு வந்தது? இப்போது எத்தனை மணிக்கு? கைக்கும் வருகிறதா? அளவைக் கூட்டியபின் எத்தனை மாதம் நன்றாக இருந்தது? புதிதாக ஏதேனும் பழக்கம் தொற்றியதா? கடைசிக் கேள்விக்கு நான் தலை குனிந்தேன். மருமகள் விடை சொன்னாள். அம்மையார், “ஐயா, இது உங்கள் குணம் அல்ல, மருந்தின் குணம். மருந்தை மாற்றினால் போய்விடும்” என்றார். வேறு எந்தச் சொல்லும் என் வாழ்வில் எனக்கு அத்தனை ஆறுதல் தந்ததில்லை.

அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் நீங்கள் என்ன கேட்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

முதலில் இரும்புச்சத்தைப் பார்த்தார். மூளையில் இரும்பு குறைவதே இந்நோயின் வேர்களுள் ஒன்று. என் ஹீமோகுளோபின் 13 இருந்தது. எனவே சோகை இல்லை என்றே எல்லோரும் சொல்லி வந்தனர். அவர் ஃபெரிட்டின் என்னும் சேமிப்பு இரும்பை அளக்கச் சொன்னார். அது 22. பரிசோதனைக் கூடத்தின் தாளில் அது இயல்பு எல்லைக்குள் இருப்பதாகவே அச்சாகியிருந்தது. ஆனால் இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்கவேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். காலையில் வெறும் வயிற்றில், முந்தின நாள் இரும்பு மாத்திரை உண்ணாமல் இரத்தம் கொடுக்கவேண்டும். இரும்பு மிகுந்தாலும் உடலுக்குத் தீங்கு. ஆகவே அளக்காமல் உண்ணக்கூடாது. வயதான ஆணுக்கு இரும்பு ஏன் குறைந்தது என்றும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் குடலில் இரத்தக்கசிவு உண்டா எனப் பரிசோதித்தார். நல்லவேளையாக இல்லை.

பிறகு என் உணவைக் கேட்டார். மூன்று வேளையும் வெள்ளை அரிசி, நான்கு டம்ளர் காப்பி. அதிலும் உண்டு முடித்த கையோடு ஒரு டம்ளர். நெல் விளையும் நம் டெல்டா வீடுகளின் உணவு ஏறத்தாழ இதுவே. தீட்டிய அரிசியில் இரும்பு குறைவு. காப்பியும் தேநீரும் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க விடாமல் தடுக்கும். காப்பி சிலருக்குக் குடைச்சலையே கூட்டும். சைவ உணவின் இரும்பு உடலில் சேர்வது சற்று அரிது; நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றை அதனோடு உண்டால் நன்றாகச் சேரும். கம்பு, கொள்ளு, கொண்டைக்கடலை இவை யாவும் நம் விரதங்களுக்கு உட்பட்டவையே. ஆயினும் 22இல் இருப்பவன் உணவால் மட்டும் தேறிவிட முடியாது. மூன்று மாதம் இரும்பு மாத்திரை உண்டும் 41க்குத்தான் ஏறியது. பின்பு மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்து இரத்தக்குழாய் வழியாக இரும்பு மருந்து ஏற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் நூற்றைக் கடந்தது.

இரண்டாவதாக, நோயைத் தூண்டும் வேறு மருந்துகள் என் பையில் உண்டா என்று பார்த்தார். இருந்தன. உறக்கத்துக்காக யாரோ எழுதிய அமிட்ரிப்டிலின், சளிக்காக நானே கடையில் வாங்கிய, உறக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரை. இரண்டும் இந்நோயைக் கூட்டக்கூடியவை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் அப்படியே. ஆனால் மனநோய் மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக்கூடாது. எழுதிக் கொடுத்தவரிடமே கேட்கவேண்டும்.

மூன்றாவதாகத்தான் மருந்தை மாற்றினார். பிரிகாபலின் என்பது வேறு இனம். கேபாபென்டின் அதன் உறவு. இவை டோபமின் வழி செல்லாதவை. 2014இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் ஏட்டில் வெளியான ஆய்வில், 719 நோயாளர்கள் 52 வாரம் வரை கவனிக்கப்பட்டனர். நோய் பெருகுதல் பிரிகாபலின் உண்டவர்களுள் நூற்றுக்கு 2.1 பேருக்கும், பிரமிபெக்ஸோல் 0.5 மி.கி. உண்டவர்களுள் நூற்றுக்கு 7.7 பேருக்கும் காணப்பட்டது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், இரும்பைச் சரிசெய்வதையும் பிரிகாபலின், கேபாபென்டின் இனத்தையும் முன்னிறுத்தி, பிரமிபெக்ஸோல் போன்றவற்றை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று பரிந்துரைத்தது. நேற்றைய முதல் மருந்து இன்று பின்வரிசைக்குச் சென்றுவிட்டது.

ஆனால் மாற்றுவது ஒரு நாளில் நடக்கவில்லை. சிறுநீரகப் பரிசோதனை செய்து, முதலில் பிரிகாபலினைச் சிறிய அளவில் தொடங்கி உயர்த்தினார். அது உடலில் நிலைத்த பின்பே பழைய மருந்தை இரண்டு வாரத்துக்கு 0.125 மி.கி. வீதம் குறைத்தார். எட்டுப் படிகள், பதினாறு வாரங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு இரவுகள் கெட்டன. கடைசித் துளி மாத்திரையை விட்டபின் பத்து இரவுகள் கொடுமையாக இருந்தன. “இது நீங்கள் புதிய மருந்தில் தோற்றதன் அடையாளம் அன்று, பழைய மருந்து விலகுவதன் அடையாளம். இந்தப் பத்து நாளில் அஞ்சித் திரும்பிவிடாதீர்கள்” என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன். என் இல்லத்தாள் அந்த இரவுகளில் என்னோடு விழித்திருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இன்னொருவருக்கு இதே அளவும் இதே வேகமும் பொருந்தா. என் கணக்கை எடுத்துக்கொண்டு யாரும் தாமாகச் செய்யவேண்டாம்.

அம்மையார் ஒரு நோட்டுப்புத்தகமும் வைக்கச் சொன்னார். தொல்லை தொடங்கிய நேரம், மாத்திரை உண்ட நேரம், உறங்கிய மணி, ஆட வேண்டும் என்று தோன்றியதா இல்லையா என எல்லாவற்றையும் எழுதினேன். நம் ஊருக்கு இது புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலில் கண் நோயாளர்களின் நிலையைக் கண்ணின் ஓவியத்தோடு எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. முன்பே நானும் எழுதி வைத்திருந்தால், ஒன்பது மணி ஏழாகி, ஏழு ஐந்தாகி, ஐந்து இரண்டான கதையை ஒரு பக்கத்தில் கண்டிருப்பேன். ஐந்தாண்டு வீணாகியிராது.

இனி விரதம் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற நாள் முதல் நான் இரவுண்ணாமை காப்பவன். இந்த மருந்தோ உறங்குவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு உண்ணவேண்டியது. அம்மையாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கதிர் மறைவதற்கு முன் உண்ணும் உணவோடு இதையும் உண்ணுங்கள். உணவோடு சேரும்போது இது சற்று மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும், எட்டரைக்குப் படுத்துவிடுங்கள்” என்றார். விரதமும் நின்றது, உறக்கமும் வந்தது. பிரிகாபலின் பெரும்பாலும் கேப்ஸ்யூலாக வருகிறது. அதன் கூடு விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம். மாத்திரை வடிவமோ தாவரக் கூடோ கேட்டால் கிடைக்கும். ஆனால் மெதுவாகக் கரையும் வகைக்கும் சாதாரண வகைக்கும் வேறுபாடு உண்டு. கடைக்காரர் மாற்றிக் கொடுப்பதை மருத்துவருக்குத் தெரியாமல் ஏற்காதீர்கள். நம் விரதத்தை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். நம் நோயை விரதம் தந்த பெரியோரிடம் சொல்ல வெட்கப்படுகிறோம். இரு பக்கமும் முன்கூட்டியே சொன்னால் இரண்டுக்கும் வழி பிறக்கிறது. சென்ற ஆண்டு தசலட்சணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இருவரிடமும் கேட்டேன். முழு உபவாசத்துக்குப் பதிலாகப் பகலில் ஒரு வேளை உணவும் மருந்தும் கொண்டேன். முன்னைய ஆண்டின் மூன்று நாள் தவத்தைவிட அந்த ஒருவேளை விரதத்தில் என் மனம் தெளிவாக இருந்தது.

புதிய மருந்தும் குறையற்றதன்று. காலையில் தலை சற்றுச் சுழலும். இரவில் எழுந்தால் சுவரைப் பிடித்தே நடக்கிறேன். எடை மூன்று கிலோ கூடியது. கணுக்காலில் சிறிது வீக்கம் உண்டு. சிலருக்கு மனச்சோர்வு வரலாம் என்பதால் வீட்டாரைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையும் திடீரென நிறுத்தக்கூடாது. நோய் முழுதும் போகவில்லை. மாதத்தில் நான்கைந்து இரவுகள் இன்றும் முற்றத்தில் நடக்கிறேன். மற்ற இரவுகளில் ஐந்தாறு மணி நேரம் உறங்குகிறேன். பழைய மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தபோதே ரம்மியின் மேலிருந்த வேட்கை தணிந்தது. முழுதும் விட்டபின் அது போன இடம் தெரியவில்லை. அதனை என் மன உறுதியால் வென்றேன் என்று சொன்னால் அது ஆர்ஜவம் ஆகாது.

சமணப் புலவர்களான காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் ஏலாதி என்றும் மருந்துகளின் பெயர்களையே வைத்தார்கள். நம் முன்னோருக்கு மருந்தும் அறமும் அயலாக இருந்ததில்லை. உணவு, அடைக்கலம், கல்வி இவற்றோடு மருந்தையும் சேர்த்தே நால்வகைத் தானம் என்றார்கள். மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் ஔஷத தானம் ஆகாது. “எனக்கு இது நேர்ந்தது, உங்களுக்கும் உண்டா?” என்று கேட்பதும் அதில் சேரும் என்று நான் கருதுகிறேன்.

இன்று இங்கே கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் தீபங்குடியிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயாரிடமோ பாட்டியிடமோ ஒன்று கேளுங்கள்: “இரவில் கால் குடைகிறதா? துணி கட்டிக்கொள்கிறீர்களா?” ஆம் என்றால் ஃபெரிட்டின் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே மருந்து உண்பவராயின், தொடங்கிய நாளில் தொல்லை எத்தனை மணிக்கு வந்தது, இன்று எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். முன்னதாகவே வருகிறது என்றால், அளவைக் கூட்டச் சொல்லாமல், மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நானோ என் தாயாரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் கால்மேல் ஏறி மிதித்துவிட்டு உறங்கப் போய்விட்டேன்.

உரை முடியும் மட்டும் இன்று நான் நின்றுகொண்டிருந்தது பேச்சாளன் என்பதற்காக. இதோ, அடுத்துப் பேசுபவரைக் கேட்பதற்கு முன்வரிசையில் உட்காரப் போகிறேன்.